மொன்டானா வீட்டு டிஷ்ஷில் நியூயார்க் நிலையங்கள் வருமா?

மொன்டானா மாநிலத்தின் கிழக்கு எல்லையை ஒட்டிய ஒரு சிற்றூரிலிருந்து மருத்துவர் ஒருவர் எழுதியிருக்கிறார். நியூ ஜெர்சியில் பல ஆண்டுகள் வாழ்ந்தபின், கிராமப்புற மருத்துவமனையில் வேலை ஏற்று, கணவர், மகன், மாமனார் ஆகியோருடன் அங்கே குடியேறியவர். கேபிள் இணைப்பு வராத பகுதி என்பதால் வீட்டில் செயற்கைக்கோள் டிஷ் வைத்திருக்கிறார்கள். அதில் கிடைக்கும் ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ் நிலையங்கள் நான்கும் பக்கத்து மாநிலமான வட டகோட்டாவைச் சேர்ந்தவை. அவற்றுள் ஃபாக்ஸ், வேறொரு நிலையம் தன் முதன்மை அலைவரிசையோடு கூடுதலாக அனுப்பும் துணை அலைவரிசையாக வருகிறது.

பழகிய நியூயார்க் நிலையங்களைக் கேட்டபோது, சட்டத்தில் இடமில்லை என்று டிஷ் நிறுவனம் சொல்லிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரோ, தாம் 2020 வரை நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ் நிலையங்களைப் பார்த்துவந்ததாகச் சொல்லி, உள்ளூர் நிலையத்திடம் விலக்குக் கேட்கும் முறையை விளக்கும் பழைய தாள் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அந்தத் தாள் இன்னும் செல்லுமா, நியூ ஜெர்சியின் எடிசனில் இருக்கும் நண்பரின் முகவரியைக் கொடுக்கலாமா, வாங்க நினைத்திருக்கும் ஆர்.வி. (தங்கும் வசதியுள்ள பயண வண்டி) பேரில் பெறலாமா, கட்டணத் தகராறில் ஓர் உள்ளூர் நிலையம் வாரக்கணக்கில் டிஷ்ஷிலிருந்து மறைந்துபோனதைக் காரணம் காட்டலாமா, ஆன்டெனா வைக்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் சொல்வது சரியா என்றெல்லாம் கேட்கிறார். கடைசியாக, “கடல் கடந்து சென்னையிலிருந்து சன் டிவி வருகிறது, இதே நாட்டிலிருக்கும் நியூயார்க் நிலையம் வரக் கூடாதா?” என்று ஆதங்கத்தோடு முடித்திருக்கிறார்.

அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு,

நீங்கள் கடைசியில் கேட்டதற்கே முதலில் பதில் சொல்கிறேன். அது புரிந்துவிட்டால் மற்றவை எளிதாகும். சன் டிவி போன்ற அலைவரிசையை அமெரிக்காவில் தருவதற்கு, அலைவரிசையின் உரிமையாளரும் டிஷ் நிறுவனமும் நேரடியாக ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள். நிகழ்ச்சிகளின் அமெரிக்க உரிமை முழுவதையும் அந்த உரிமையாளரே கையில் வைத்துக்கொண்டு வருவதால், ஓர் ஒப்பந்தத்தில் காரியம் முடிந்துவிடுகிறது. எந்த ஊர் வீட்டில் பார்க்கிறார்கள் என்பது அங்கே பொருட்டே அல்ல.

நியூயார்க்கின் ஒரு வலையமைப்பு நிலையம், அதாவது ஏபிசி போன்ற நாடு தழுவிய வலையமைப்பின் நிகழ்ச்சிகளை ஒளிபரப்பும் நிலையம், அப்படிப்பட்டதல்ல. காலைச் செய்தி அந்த நிலையத்தின் சொந்தத் தயாரிப்பு. பிற்பகல் நிகழ்ச்சி ஊர் ஊராக விற்கும் ஒரு விநியோகஸ்தருடையது. இரவுத் தொடர் வலையமைப்பு அளிப்பது. ஞாயிற்றுக்கிழமை அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் லீக்குடையது. இத்தனை பேரும் தங்கள் நிகழ்ச்சியைச் சந்தைவாரியாக, அதாவது ஒளிபரப்புப் பகுதிவாரியாக, விற்றிருக்கிறார்கள். உங்கள் பகுதிக்கான உரிமையைப் பெற்றிருப்பது வட டகோட்டா நிலையம். ஆகவே நியூயார்க் நிலையத்தை அப்படியே தூக்கி உங்கள் வீட்டில் இறக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு நிகழ்ச்சியின் உரிமையாளரிடமும் தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டியிருக்கும். நடைமுறையில் அது ஆகாத காரியம்.

இதற்குத்தான் 1988இல் அமெரிக்க நாடாளுமன்றம், செயற்கைக்கோள் வழி வீட்டுப் பார்வையாளர் சட்டத்தின் மூலம், பதிப்புரிமைச் சட்டத்தில் 119ஆம் பிரிவைச் சேர்த்தது. அதன்படி டிஷ் நிறுவனம் தனித்தனி அனுமதி வாங்க வேண்டியதில்லை; சட்டம் குறித்த தொகையைப் பதிப்புரிமை அலுவலகத்தில் கட்டினால் போதும், அது உரிமையாளர்களுக்குப் பிரித்துத் தரப்படும். தொடக்கத்தில் ஒரு வலையமைப்பு நிலையத்துக்கு ஒரு சந்தாதாரருக்கு மாதம் 3 சென்ட் என்பதுதான் விகிதம். இவ்வளவு மலிவான உரிமத்தை எல்லா வீடுகளுக்கும் திறந்துவிட்டால் சிற்றூர் நிலையங்கள் பார்வையாளரை இழந்து மூடிவிடும் என்பதால், உள்ளூர் நிலையத்தின் அலை கூரை ஆன்டெனாவுக்குக்கூடப் போதிய வலுவோடு எட்டாத வீடுகளுக்கு மட்டும் தரலாம் என்று வரம்பு கட்டினார்கள். ‘சேவை எட்டாத வீடு’ என்று சட்டம் சொல்வது அதைத்தான்.

இங்கே உங்கள் கடிதத்தில் ஒரு தவறான எண்ணம் தெரிகிறது. தொலைதூர நிலையத்தைப் பெறுவது பார்வையாளராகிய உங்களுடைய உரிமை, அதை நிறுவனம் மறுக்கிறது என்று நீங்கள் கருதுகிறீர்கள். அது நிறுவனத்துக்கு நிபந்தனையோடு அளிக்கப்பட்ட விலக்கு. நிபந்தனை பொருந்தாத வீட்டுக்குக் கொடுத்தால் அது நிறுவனம் செய்யும் பதிப்புரிமை மீறல் ஆகிவிடும். நீங்கள் எவ்வளவு கட்டணம் தர முன்வந்தாலும், எத்தனை முறை மேலாளரிடம் பேசினாலும், பதில் மாறாததற்குக் காரணம் இதுவே.

பக்கத்து வீட்டுக்காரரின் தாள்

அவர் கொடுத்த தாள் போலியல்ல, காலம் கடந்தது. வீட்டுக்கு அலை எட்டுகிறதா இல்லையா என்று யார் முடிவு செய்வது என்பதில் 1990களில் பெரிய சண்டையே நடந்தது. பிரைம்டைம் 24 என்ற நிறுவனம், ‘ஆன்டெனாவில் படம் சரியாக வருகிறதா’ என்று வாடிக்கையாளரையே கேட்டு, அவர் ‘இல்லை’ என்றால் தொலைதூர நிலையத்தைக் கொடுத்துவந்தது. சட்டம் கேட்பது அளவிடக்கூடிய அலைவலுவை, பார்ப்பவரின் திருப்தியை அல்ல என்று ஃபுளோரிடா கூட்டாட்சி நீதிமன்றம் 1998இல் தடையாணை பிறப்பித்தது. ஏராளமான வீடுகளில் நிலையங்கள் துண்டிக்கப்படும் நிலை வந்தது. அந்தக் கொந்தளிப்பின் விளைவாக 1999 நவம்பரில் வந்த திருத்தச் சட்டம் இரண்டு காரியங்களைச் செய்தது. உள்ளூர் நிலையங்களை அந்தந்த உள்ளூர்ச் சந்தைக்கே செயற்கைக்கோள் வழியாகத் தர முதன்முறையாக உரிமம் அளித்தது. அதோடு, நிலப்பரப்பை வைத்து அலைவலுவைக் கணிக்கும் கணினி மாதிரி ஒன்றையும், அதன் முடிவில் திருப்தியில்லாதவர் நிறுவனத்தின் வழியாக உள்ளூர் நிலையத்திடம் விலக்குக் கேட்கும் முறையையும் கொண்டுவந்தது. நிலையம் 30 நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் விலக்குக் கிடைத்ததாகவே கொள்ளப்படும்; மறுத்தால் வீட்டுக்கே வந்து அளந்து பார்க்கச் சொல்லலாம். உங்கள் கையிலுள்ள தாள் விளக்குவது இதைத்தான். முன்பே பெற்றுவந்த சில வீடுகளுக்குப் பழைய சலுகையும் தொடர்ந்தது. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அநேகமாக அந்த வகையைச் சேர்ந்தவர்.

இந்த வரம்புகளை நீதிமன்றங்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தகுதியில்லாத வீடுகளுக்குத் தொடர்ந்து கொடுத்துவந்ததாகக் கண்டறியப்பட்ட எக்கோஸ்டார் நிறுவனம், அதாவது டிஷ் நெட்வொர்க்கை நடத்திய நிறுவனம், 2006 டிசம்பர் முதல் தொலைதூர வலையமைப்பு நிலையங்களைத் தருவதையே நிறுத்த வேண்டியதாயிற்று. நாட்டின் 210 தொலைக்காட்சிச் சந்தைகளிலும் உள்ளூர் நிலையங்களைத் தந்தால் தடையிலிருந்து மீளலாம் என்று 2010ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்த பிறகே அது திரும்ப முடிந்தது.

2019 டிசம்பர் 20 அன்று கையெழுத்தான சட்டம் எல்லாவற்றையும் மாற்றியது. அதுவரை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டுவந்த 119ஆம் பிரிவு நிரந்தரமாக்கப்பட்டது. அதே கையோடு, ‘சேவை எட்டாத வீடு’ என்பதன் பொருள் இரண்டே வகைகளுக்குக் குறுக்கப்பட்டது. பழைய சலுகைகளும் அலைவலு அளவையும் விலக்குக் கடிதமும் 2020 மே 31ஆம் தேதியோடு முடிந்தன. உள்ளூர் நிலையங்கள் ஏறக்குறைய எங்கும் டிஷ்ஷிலேயே கிடைக்கும் காலத்தில் இந்த விலக்குத் தேவையில்லை என்பது நாடாளுமன்றத்தின் வாதம். பொதுவாக அது சரியென்றாலும், வேறு மாநிலச் செய்தியையே ‘உள்ளூர்’ என்று பார்க்க வேண்டியிருக்கும் உங்களைப் போன்றவர்களின் குறையை அது தீர்க்கவில்லை என்பது என் கருத்து.

இன்று மிஞ்சியிருக்கும் இரண்டு வழிகள்

முதலாவது, ‘குறைச் சந்தை’. நான்கு பெரிய வலையமைப்புகளில் ஒன்றோ அதற்கு மேலோ அந்தச் சந்தையின் எந்த நிலையத்திலும் இல்லையென்றால், இல்லாத வலையமைப்புக்கு மட்டும் வெளியூர் நிலையத்தைத் தரலாம். துணை அலைவரிசையில் வந்தாலும் ‘இருக்கிறது’ என்றே கணக்கு. உங்கள் பட்டியலின்படி ஃபாக்ஸ் துணை அலைவரிசையில் வருவதால், உங்கள் சந்தையில் நான்கும் நிறைந்துவிட்டன. இந்த வழி உங்களுக்கு இல்லை.

கட்டணத் தகராறில் ஒரு நிலையம் மறைந்துபோனதும் இதில் சேராது. சந்தையில் அந்த நிலையம் இயங்குகிறதா என்பதைத்தான் சட்டம் பார்க்கிறதே தவிர, உங்கள் டிஷ்ஷில் தெரிகிறதா என்பதை அல்ல. தகராறு நடக்கும்போதும் அந்த நிலையம் வானலையில் இலவசமாக ஒளிபரப்பாகிக்கொண்டுதான் இருக்கும். அதனால்தான் ஆன்டெனா பற்றிய உங்கள் கேள்வியை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அதற்குப் பின்னர் வருகிறேன்.

இரண்டாவது, ஆர்.வி. வண்டிகளும் வணிகச் சரக்கு லாரிகளும். இங்கும் நிபந்தனைகள் கடுமை. டிஷ் அந்த வண்டியில் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். நிலையான எந்த வீட்டிலும் அதைக் கொண்டு பார்க்க மாட்டேன் என்று எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். வண்டியின் மாநிலப் பதிவு நகலையும் தர வேண்டும். நீங்கள் உண்மையாகவே வண்டி வாங்கி, விடுமுறையில் ஊர் சுற்றும்போது அதற்குள் அமர்ந்து பார்த்தால் குற்றமில்லை. வண்டியை முற்றத்தில் நிறுத்திவிட்டு அதிலிருந்து வரவேற்பறைக்குக் கம்பி இழுப்பது, நீங்கள் கையெழுத்திட்ட அறிவிப்புக்கே நேர் எதிரானது.

இந்த இரண்டு வழிகளையும்கூட, 210 சந்தைகளிலும் உள்ளூர் நிலையங்களைத் தரும் நிறுவனமே பயன்படுத்த முடியும். சட்டம் வந்த சமயத்தில் டைரக்டிவி என்ற இன்னொரு செயற்கைக்கோள் நிறுவனம் 12 சிறு சந்தைகளில் உள்ளூர் நிலையங்களைத் தராமல் இருந்தது. மொன்டானாவின் கிளென்டைவ், ஹெலினா இரண்டும் அவற்றுள் அடக்கம். ஆகவே ஆர்.வி. வாங்கும் யோசனை தொலைக்காட்சிக்காகவும்தான் என்றால், முன்பணம் கட்டுவதற்கு முன்னால், இந்தச் சேவையைத் தருகிறீர்களா என்று உங்கள் நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நண்பரின் முகவரி

இதை வேண்டாம் என்று தெளிவாகச் சொல்கிறேன். முதலில், அது பெரும்பாலும் பலிக்காது: உள்ளூர் நிலையங்களை நிறுவனங்கள் நாடு முழுவதற்குமான கற்றையில் அனுப்புவதில்லை, அந்தந்த வட்டாரத்தை நோக்கிக் குவித்த குறுகிய கற்றையில் அனுப்புகின்றன. நியூயார்க்கை நோக்கிய கற்றை மொன்டானாவில் விழாது. கணக்கில் எடிசன் முகவரி இருந்தாலும் திரையில் படம் வராது. இரண்டாவதாக, சேவை முகவரியைப் பொய்யாகத் தருவது ஒப்பந்த மீறல். இணைப்பைத் துண்டிக்கவும் முன்கூட்டி முடித்ததற்கான கட்டணம் கேட்கவும் நிறுவனத்துக்கு அது இடம் கொடுக்கும். தகுதியில்லாத ஒரு சந்தாதாரருக்கு ஒரு மாதத்துக்கு 250 டாலர் வரை சட்டப்படியான இழப்பீடு நிறுவனத்தின் மேல் விழக்கூடும் என்பதால், கண்டுபிடித்தால் அவர்கள் தயவு காட்ட மாட்டார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். கிராமப்புறப் பணிக்காக விசா சலுகை பெற்று வந்து, பச்சை அட்டைக்குக் காத்திருக்கும் நம் மருத்துவர்கள் பலரை நான் அறிவேன். நீங்கள் அந்த நிலையில் இருக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. இருந்தால், வசிக்கும் இடத்தைப் பற்றிப் பொய்யான தாள் எதுவும் உங்கள் பெயரில் இருக்கவே கூடாது. தொலைக்காட்சிக் கணக்குதானே என்று தோன்றும். ஆனால் முகவரிச் சான்றாக நாம் எடுத்து நீட்டுவது இப்படிப்பட்ட மாதாந்திர ரசீதுகளைத்தான்.

நியூயார்க்கில் உண்மையில் வேண்டியது எது?

உங்கள் வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று தேவைப்படுகிறது என்று கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். மாமனாருக்குப் பழகிய செய்தியறிவிப்பாளர்கள். கணவருக்கு நியூயார்க் ஜயன்ட்ஸ் ஆட்டங்கள். உங்களுக்கு வலையமைப்புத் தொடர்கள். தொடர்களைப் பொறுத்தவரை வட டகோட்டா நிலையம் காட்டுவதும் நியூயார்க் நிலையம் காட்டுவதும் ஒன்றேதான். செய்தியை நிலையங்களே தயாரிப்பதால் உரிமையும் அவர்களிடமே இருக்கிறது; எனவே நியூயார்க் நிலையங்கள் பலவும் தங்கள் செய்தியைச் செயலிகளிலும் இணையத்திலும் நாடெங்கும் இலவசமாகத் தருகின்றன. ஞாயிற்றுக்கிழமைப் பகலில் வெளிச்சந்தை ஆட்டங்களைக் காட்டும் தொகுப்பு 2023 முதல் யூடியூபில் தனிக் கட்டணத்துக்குக் கிடைக்கிறது. இணையவழி நேரலைச் சேவைகளுக்கு மாறினால் நியூயார்க் நிலையம் முழுதாகக் கிடைத்துவிடும் என்று மட்டும் எண்ண வேண்டாம். அவையும் நீங்கள் இருக்கும் இடத்தைப் பார்த்தே உள்ளூர் நிலையங்களைத் தருகின்றன.

ஆன்டெனா உங்கள் உரிமை

தொலைதூர நிலையம் உங்கள் உரிமையல்ல என்று சொன்ன நான், இதில் சட்டம் முழுக்க உங்கள் பக்கம் இருப்பதை அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். 1996ஆம் ஆண்டுத் தகவல் தொடர்புச் சட்டத்தின் கீழ், எஃப்.சி.சி. எனப்படும் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் வகுத்த விதி, வானலைத் தொலைக்காட்சி ஆன்டெனாவையும் ஒரு மீட்டர் விட்டத்துக்கு உட்பட்ட டிஷ்ஷையும் குடியிருப்போர் சங்கங்கள் தடுப்பதைச் செல்லாததாக்குகிறது. தடை என்றால் நேரடியாக ‘கூடாது’ என்பது மட்டுமல்ல. காரணமின்றித் தாமதப்படுத்துவதும், செலவைக் கூட்டுவதும், படம் சரியாக வராத மூலையில்தான் வைக்க வேண்டும் என்பதும் தடையே. 1999 முதல் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு.

ஆனால் அந்த இடம் உங்கள் தனிப் பயன்பாட்டில் இருக்க வேண்டும். உங்கள் வீடு வரிசை வீடு என்றால், கூரை எல்லாருக்கும் பொதுவானதா, உங்களுக்கு மட்டும் உரியதா என்று பத்திரத்தில் பாருங்கள். பொதுக் கூரை என்றால் சங்கம் மறுக்கலாம். அப்போது உங்கள் பால்கனியோ பின்முற்றமோ உங்களுக்கு மிஞ்சும். பாதுகாப்புக் காரணங்களும் வரலாற்றுச் சின்னமான கட்டிடங்களும் விதிவிலக்கு. சங்கம் அபராதம் விதித்தால், நீங்கள் எஃப்.சி.சி.யிடமோ நீதிமன்றத்திலோ முறையிடலாம். தங்கள் கட்டுப்பாடு செல்லும் என்று நிரூபிக்கும் பொறுப்பு சங்கத்தினுடையது, முறையீடு நிலுவையில் இருக்கும்வரை பொதுவாக அபராதம் ஏறாது. இதையெல்லாம் கோபமில்லாமல் ஒரு கடிதமாகச் சங்கத்துக்கு எழுதினாலே பெரும்பாலும் விஷயம் முடிந்துவிடும்.

கவுன்டி வழியாக ஒரு மனு

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது: பனிப்புயல் வரும் நாளில் வட டகோட்டா நகரமான பிஸ்மார்க்கின் வானிலையைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது, மொன்டானாத் தேர்தலில் யார் நிற்கிறார்கள் என்றே தெரிவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். நியூயார்க் நிலையத்தைவிட இது கனமான குறை. கிழக்கு மொன்டானாவின் பல கவுன்டிகளை (மாவட்டம் போன்ற பிரிவுகளை), தொலைக்காட்சிப் பார்வையாளரைக் கணக்கெடுக்கும் நீல்சன் நிறுவனத்தின் சந்தைப் பிரிப்பு, வட டகோட்டாவின் மைனாட், பிஸ்மார்க், டிக்கின்சன் சந்தையில் சேர்த்திருக்கிறது. சொந்த மாநிலச் செய்தி கிடைக்காத இப்படிப்பட்ட இடங்களை ‘அநாதைக் கவுன்டி’ என்றே இத்துறையில் சொல்கிறார்கள். 2014ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது: ஒரு நிலையத்தின் சந்தையை உங்கள் கவுன்டிவரை விரிக்கச் சொல்லி, நிலையமோ, டிஷ் நிறுவனமோ, கவுன்டி அரசோ எஃப்.சி.சி.யிடம் மனுச் செய்யலாம். தனிமனிதர் செய்ய முடியாது.

கொலராடோவின் லா பிளாட்டா கவுன்டி நியூ மெக்சிகோவின் அல்புகெர்கி சந்தையில் இருக்கிறது. டென்வர் நிலையங்களுக்காக அது செய்த மனுவை 2017இல் எஃப்.சி.சி. ஏற்றது. ஜார்ஜியாவின் ஃபிராங்க்ளின் கவுன்டியும் இதே வழியில் அட்லாண்டா நிலையங்களுக்காக மனுச் செய்து வென்றது. மனுவைப் பரிசீலிக்கும்போது, அந்த நிலையங்கள் முன்பு அங்கே கிடைத்திருக்கின்றனவா, கவுன்டிக்குப் பயன்படும் செய்தியைத் தருகின்றனவா, சொந்த மாநில நிலையம் மக்களுக்குக் கிடைக்க வழியாகுமா, இப்போதைய நிலையங்கள் அந்தக் கவுன்டியைப் பற்றிப் பேசுகின்றனவா, மக்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பவற்றை ஆணையம் எடைபோடுகிறது. மனு ஏற்கப்பட்டாலும் மறுநாளே திரையில் வந்துவிடாது: டிஷ் நிறுவனம் நிலையத்தோடு உடன்பட வேண்டும், குறுகிய கற்றை அந்தக் கவுன்டியை எட்டவும் வேண்டும். கற்றை எட்டாது என்று நிறுவனம் சான்றளித்தால் மனு அங்கேயே நின்றுவிடலாம். நியூயார்க்குக்காக இந்த மனுவைச் செய்யவே முடியாது. மொன்டானாவிலேயே உள்ள பில்லிங்ஸ் நகர நிலையங்களுக்காகச் செய்யலாம்.

கவுன்டி ஆணையர்களின் கூட்டங்களில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குவது வழக்கம். போவதற்கு முன் மூன்று தாள்களைத் தயாரித்துக்கொள்ளுங்கள்: உங்கள் டிஷ்ஷில் வரும் உள்ளூர் நிலையங்களின் பட்டியல், மொன்டானாவுக்குத் தேவையான வானிலை, சாலை, தேர்தல் செய்திகள் அவற்றில் வராமல்போன நாட்களின் குறிப்பு, கையெழுத்திட முன்வரும் அண்டை வீட்டாரின் பெயர்கள். பக்கத்து வீட்டுக்காரர் இத்தனை ஆண்டுகள் அங்கே இருந்தவர் என்பதால், முன்பு பில்லிங்ஸ் நிலையங்கள் கேபிளிலோ ஆன்டெனாவிலோ கிடைத்தனவா என்பதற்கு அவருடைய வாக்குமூலம் நல்ல சான்றாகும். அவரையும் அழைத்துச் செல்லுங்கள். எந்தக் கவுன்டி எந்தச் சந்தையில் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் கவுன்டி வழக்கறிஞர் உறுதிசெய்துகொண்டபின் மனு எழுதத் தொடங்கட்டும்.